பெங்களூரிலிருந்து வெளிநாட்டு ஊழியத்துக்கு: காகிதம், செலவு, காலம், படிப்பு

வெளிநாட்டில் சில மாதம் ஊழியம் செய்யும் பாரம் உங்களுக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கும் இருந்தது. லிங்கராஜபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் ஓய்வுநாள் பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். மேற்குக் கென்யாவில் கிசுமு பக்கம் ஒரு சபைப் பள்ளியில் ஐந்து மாதம் கணக்கும் வேதபாடமும் சொல்லித்தர அழைப்பு வந்தது. அழைப்புக் கடிதம் கைக்கு வந்த நாளுக்கும் விமானம் ஏறிய நாளுக்கும் நடுவில் பத்து மாதம் ஓடிவிட்டது. அதில் நான்கு மாதம் முழுக்க வீண். எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னால் செய்ய வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அந்த நான்கு மாதமும், கணிசமான பணமும் மிஞ்சியிருக்கும்.

அழைப்பைச் சோதித்து அறிவது எப்படி என்பதை உங்கள் ஆயர் என்னைவிட நன்றாகச் சொல்வார். நான் சொல்லப்போவது காகிதம், பணம், காலம், அப்புறம் படிப்பு. கடைசியில் உள்ளதை யாரும் எனக்கு ஏற்பாட்டு வேலையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பயணம் என் விசுவாசத்தில் ஏதாவது மாற்றியது என்றால், முன்கூட்டிப் படித்துக்கொண்டு போனதால்தான் மாற்றியது. படிக்காமல் போயிருந்தால் நிறைய போட்டோக்களோடு திரும்பியிருப்பேன், அவ்வளவுதான். ஆகவே விசாவுக்கு ஒதுக்குகிற அதே கவனத்தை அதற்கும் ஒதுக்குங்கள்.

1. சபையில் தொடங்குங்கள் (எட்டு மாதம் முன்பு)

ஊழிய விசா எதுவானாலும், அழைக்கும் அமைப்பு எதுவானாலும், உங்கள் சபையிலிருந்து ஒரு கடிதம் கேட்பார்கள். இது ஆயர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிற கடிதம் இல்லை. சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டி கூட வேண்டும், தீர்மானம் எழுத வேண்டும், சில நாடுகளுக்குப் பேராய அலுவலகக் கடிதமும் வேண்டும். கமிட்டி மாதம் ஒரு முறைதான் கூடும். பண்டிகைக் காலத்தில் அதுவும் தள்ளிப்போகும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, உடன்படிக்கை ஆராதனை என்று டிசம்பரும் ஜனவரியும் போய்விடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயர், எத்தனை வருடமாகச் சபை அங்கத்தினர், என்னென்ன பொறுப்பில் இருந்தீர்கள், எங்கே எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை போகிறீர்கள், செலவை யார் ஏற்கிறார்கள். ஞானஸ்நானச் சான்றும் திடப்படுத்தல் சான்றும் சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். அங்கத்தினராக இருந்த வருடக் கணக்கை அலட்சியம் செய்யாதீர்கள். அமெரிக்காவின் ஆர்-1 என்ற சமயப் பணியாளர் விசாவுக்கு, அழைக்கும் சபை எந்தத் திருச்சபைப் பிரிவைச் சேர்ந்ததோ அதில் நீங்கள் குறைந்தது 2 வருடம் அங்கத்தினராக இருந்திருக்க வேண்டும். பெங்களூரில் வீடு மாறும்போது சபையும் மாறுகிற பழக்கம் நமக்கு உண்டு; பழைய சபையிலிருந்து மாற்றுச் சான்று வாங்காமல் விட்டவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

2. அழைப்பவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்

ஊழியம் என்றதும் நமக்குக் கேள்வி கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நானும் முதல் இரண்டு மாதம் நன்றி சொல்லித்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். கூச்சத்தை விட்டு இவற்றைக் கேளுங்கள். அந்த அமைப்பு அந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதா, பதிவு எண் என்ன? என் விசாவுக்கு விண்ணப்பிப்பது நானா, நீங்களா? தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் எவ்வளவு? எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் எந்த மருத்துவமனை, எவ்வளவு தூரம்? இதுவரை வெளியூரிலிருந்து வந்து ஊழியம் செய்தவர் ஒருவரோடு நான் போனில் பேச முடியுமா?

இன்னொரு கேள்வியும் உண்டு: நான் செய்யப்போகிற வேலையை உள்ளூர்க்காரர் ஒருவர் செய்ய முடியாதா? இதைக் கேட்டபோது எனக்கு நேர்மையான பதில் வந்தது. கணக்குச் சொல்லித்தர அங்கேயே ஆள் இருக்கிறது, சம்பளம் கொடுக்கத்தான் வழியில்லை என்றார்கள். ஒரு மாதம் யோசித்தேன். கடைசியில், நான் இருக்கும் ஐந்து மாதமும் ஓர் உள்ளூர் ஆசிரியையோடு சேர்ந்து பாடம் நடத்துவது, அதன்பின் ஒரு வருடத்துக்கு அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கை எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பெற்றோர் தனித்தனியாகத் தங்கள் கணக்கிலிருந்து அனுப்புவது என்று பேசி முடித்தோம். அந்த ஆசிரியையிடம் நான் கற்றது, பிள்ளைகளுக்கு நான் கற்றுக்கொடுத்ததைவிட அதிகம்.

3. பாஸ்போர்ட்டில் பெயர்

பாஸ்போர்ட் எடுப்பது இப்போது சுலபம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000. லால்பாக் ரோட்டிலும் மாரத்தஹள்ளியிலும் சேவா மையம் இருக்கிறது. திரும்பி வரும் தேதிக்கு அப்புறமும் ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், இரண்டு மூன்று வெற்றுப் பக்கமும் வேண்டும்.

நம்மவர்களுக்குச் சிக்கல் பெயரில்தான் வருகிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றில் ‘ஜே. டேனியல்’, ஆதாரில் ‘டேனியல் ஜெபராஜ்’, ஞானஸ்நானப் பதிவில் ‘டேனியல் பிரபாகரன்’ என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். இங்கே ஆதாரைக் கன்னடத்தில் பதிந்து ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எழுத்துகள் இன்னும் கொஞ்சம் மாறியிருக்கும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்துவிடாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுக்கு வருகை விசா தருவதில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மற்ற நாடுகளின் விண்ணப்பப் படிவங்களும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் முரண்டு பிடிக்கும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிடுவது வழக்கம். அப்படிப் போட்டபின் சபைக் கடிதம், அழைப்புக் கடிதம், விமான டிக்கெட், தடுப்பூசி அட்டை எல்லாமே அதே எழுத்துகளில் இருக்க வேண்டும். சான்றிதழ்களில் பெயர் வேறுபட்டால், இரண்டு பெயரும் ஒருவரே என்று இ-ஸ்டாம்ப் காகிதத்தில் உறுதிமொழி எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி வையுங்கள்.

பிள்ளைகள் நடுவே வேலை என்றால் காவல்துறை நற்சான்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் கொண்டுபோங்கள் என்பேன். அங்கே பெற்றோர்களுக்கு அது ஒரு மரியாதை. பாஸ்போர்ட் சேவைத் தளத்திலேயே விண்ணப்பிக்கலாம், 500 ரூபாய். காவல் நிலையத்தில் நேரடியாக வாங்கும் சான்று உள்ளூர் வேலைக்கு ஆகும். வெளிநாட்டுக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் தருவதைத்தான் வாங்க வேண்டும். பட்டச் சான்றுக்கு அப்போஸ்டில் முத்திரை (சான்று உண்மையானது என்று வெளிநாடுகளுக்காக நம் வெளியுறவு அமைச்சகம் வைப்பது) வேண்டுமா என்று அழைப்பவர்களிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியிருக்கவில்லை, தெரியாமல் இரண்டு வாரம் அலைந்தேன்.

4. எந்த விசா?

நான் பட்ட கஷ்டத்தில் பெரும்பங்கு இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நகரில் ஒரு பயண முகவரிடம் போனேன். ‘ஊழியம் என்று எழுதினால் ஆயிரம் கேள்வி வரும், சுற்றுலா என்று போடுங்கள், எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்’ என்றார். நானும் கேட்டுக்கொண்டேன். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதிலாக இ-டிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி; கட்டணம் 30 டாலர், சில நாளில் வந்துவிடும். வந்தது. டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் பள்ளி நிர்வாகியிடமிருந்து போன்: ‘சகோதரி, வருகை அனுமதியில் வந்து வகுப்பில் நின்றால் அது சட்டப்படி வேலை. உங்களுக்கும் பிரச்சினை, எங்கள் பள்ளியின் பதிவுக்கும் பிரச்சினை.’ டிக்கெட்டைத் தள்ளிப்போட 11,000 ரூபாய் போனது. மேலும் மூன்று மாதம் காத்திருந்தேன்.

அந்தத் தொகை போனதைவிட, நான் யோசிக்காமல் பொய் எழுதச் சம்மதித்ததுதான் என்னை அதிகம் உறுத்தியது. பிள்ளைகளுக்குச் சத்தியத்தைச் சொல்லப் போகிறவள் எல்லையிலேயே ஒரு பொய்யைச் சொல்லி உள்ளே நுழைவதா என்று என் அம்மா கேட்டார்கள். எனக்குப் பதில் இல்லை. உங்கள் முகவரும் இதையே சொல்வார். எழுந்து வந்துவிடுங்கள்.

கென்யாவில் சரியான வழி இதுதான். சில மாதப் பணிக்குச் சிறப்பு அனுமதி உண்டு. ஆறு மாதத்துக்குள் அடங்கும் வேலைகளுக்கு அது. நீண்ட காலம் ஊழியம் செய்பவர்களுக்கு, அரசு ஏற்ற மிஷன் சங்கங்களின் ஆட்களுக்கென்றே ‘ஐ’ வகுப்பு அனுமதி இருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டியது அங்கே உங்களை அழைக்கும் அமைப்பு, அவர்கள் நாட்டுக் குடிவரவுத் தளத்தில். உங்களிடம் கேட்பது பாஸ்போர்ட் நகல், போட்டோ, படிப்புச் சான்று, சபைக் கடிதம். அனுமதி வந்தது உறுதியான பிறகுதான் டிக்கெட். எனக்கு ஒன்பது வாரம் எடுத்தது.

பிரிட்டனுக்குப் போகிறவர்கள் சம்பளமில்லாத தொண்டு வேலைக்கு ‘சாரிட்டி வொர்க்கர்’ விசாவைப் பாருங்கள். அதிகபட்சம் 12 மாதம். சபைக்குள் சமயப் பணி என்றால் ‘ரிலிஜியஸ் வொர்க்கர்’, 24 மாதம் வரை. இரண்டுக்கும் அங்குள்ள உரிமம் பெற்ற அமைப்பு ஆதரவுச் சான்று தர வேண்டும். விசாக் கட்டணம் 2025 ஏப்ரலில் 319 பவுண்டாக உயர்ந்தது; ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் வருடத்துக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் தனி, காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. அமைப்பு உங்கள் செலவை ஏற்பதாக எழுதித் தராவிட்டால் வங்கியில் 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். பலர் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் மாமாவிடம் கடன் வாங்கிப் போடுகிறார்கள். 28 நாள் கணக்கில் அது நிற்காது. கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன, விண்ணப்பிக்கும் அன்று அரசுத் தளத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நேபாளத்தைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. இந்தியருக்கு விசா வேண்டாம், வாக்காளர் அட்டையே போதும், செலவும் குறைவு என்று பெங்களூர் வாலிபர் குழுக்கள் எளிதாகக் கிளம்பிவிடுகின்றன. அந்த நாட்டின் அரசியல் சட்டம் 26-ஆம் பிரிவில் மதமாற்றத்தைத் தடை செய்கிறது. 2018-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி 5 வருடம் வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு; வெளிநாட்டவரைத் தண்டனைக்குப் பின் நாடுகடத்துவார்கள். நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள். நீங்கள் துண்டுப்பிரதி கொடுத்த வீட்டாரும், உங்களைத் தங்கவைத்த போதகரும் அங்கேயே இருப்பார்கள். அங்குள்ள சபை என்ன சொல்கிறதோ அதற்கு ஒரு அடி முன்னால் போகாதீர்கள். மொழி ஒன்றுதானே என்று சுற்றுலா அனுமதியில் இலங்கை போய்ப் பிரசங்க மேடை ஏறுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்.

5. ஊசி (இரண்டு மாதம் முன்பு)

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது: இந்தியாவிலிருந்து நேரே வருபவரிடம் கென்யா ஊசி போட்டதற்கான அட்டையைக் கேட்பதில்லை. அதனால் தேவையில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். கேட்பது நம் நாடு. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகள் என்று இந்தியா வைத்திருக்கும் பட்டியலில் கென்யா இருக்கிறது. அட்டை இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைக் காவலுக்கு அனுப்பலாம், 6 நாள் வரை. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். ஆகவே கிளம்புகிற வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் அங்கீகரித்த மையங்களின் பட்டியல் இருக்கிறது, பெங்களூரில் சில மையங்கள் உண்டு. வாரத்தில் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட எண்ணிக்கை என்று நடக்கும். முன்பதிவு செய்யுங்கள், பாஸ்போர்ட் அசலைக் கொண்டுபோங்கள். அரசு மையத்தில் எனக்கு 300 ரூபாய் ஆனது. முட்டை ஒவ்வாமை இருந்தாலோ, வயது 60-ஐத் தாண்டியிருந்தாலோ முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள்.

கிசுமு விக்டோரியா ஏரிக்கரை, மலேரியா உள்ள பகுதி. தடுப்பு மாத்திரையைப் பயணத்துக்கு முன் தொடங்கி, திரும்பிய பிறகும் சில காலம் சாப்பிட வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பது டாக்டர் சொல்ல வேண்டியது. திரும்பி வந்தபின் காய்ச்சல் வந்தால், ‘ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

6. பணம்

எனக்கு ஆன கணக்கு இது. பெங்களூரிலிருந்து நைரோபி போய்வர டிக்கெட் 62,000. அதைத் தள்ளிப்போட்ட 11,000 உங்களுக்கு வேண்டாம். பயணக் காப்பீடு ஐந்து மாதத்துக்கு 9,500. ஊசி, மாத்திரை எல்லாம் சேர்த்து 11,000 போல. பயண அனுமதியும் காவல் சான்றும் மூவாயிரத்துச் சொச்சம். அங்கே அறைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 15,000 வீதம் 75,000. உள்ளூர்ப் பயணம் 12,000. தள்ளிப்போட்ட செலவையும் சேர்த்து மொத்தம் ஏறக்குறைய 1 லட்சத்து 84 ஆயிரம் ஆயிற்று. இதில் சேராத பெரிய செலவு ஒன்று உண்டு: சம்பளம் இல்லாத ஐந்து மாதத்துக்கும் இங்கே வீட்டு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். காப்பீட்டில், தொண்டு வேலை செய்யும்போது நேரும் விபத்துக்கும் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெறும் சுற்றுலாக் காப்பீடு சில இடங்களில் கைகொடுக்காது.

நம் சபையில் காணிக்கை எடுத்து அனுப்பிவைப்பது நல்ல வழக்கம். ஆனால் சபை டிரஸ்ட் கணக்கிலிருந்து நேரடியாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் யோசனையை ஆடிட்டரைக் கேட்காமல் தொடாதீர்கள், டிரஸ்டின் வரிவிலக்கே சிக்கலாகும். அதேபோல் அங்குள்ள சபை உங்கள் சபைக்குப் பணம் அனுப்ப விரும்பினால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. தனிப்பட்ட நண்பருக்கு அனுப்புகிறோம் என்ற குறுக்கு வழியையும் ஏற்காதீர்கள்.

7. வேலையில் இருப்பவர்கள்

தனியார் கம்பெனி என்றால் சம்பளமில்லா விடுப்பை எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வரும் தேதியும், அதே வேலை இருக்கும் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

எச்ஏஎல், பிஇஎல், பிஇஎம்எல் போன்ற பொதுத்துறையிலோ அரசு வேலையிலோ இருப்பவர்கள் நம் பெங்களூர்த் தமிழ்ச் சபைகளில் நிறைய. அவர்களுக்கு இன்னொரு படி உண்டு. வெளிநாட்டு அமைப்பு உங்களுக்கு டிக்கெட்டோ, இலவசத் தங்குமிடமோ, சாப்பாடோ தந்தால் அது சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டு விருந்தோம்பல். அதை ஏற்பதற்கு முன் மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். எஃப்சி-2 படிவத்தை இணையத்தில் பயணத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு தர வேண்டும், உங்கள் துறையின் ஒப்புதலோடு. துறை ஒப்புதலுக்கே இரண்டு மாதம் ஆகலாம். ‘சபை வீட்டில் ஒரு அறைதானே, இதற்கு என்ன அனுமதி’ என்று நினைத்துவிடாதீர்கள்.

8. படிப்பு (இன்றே தொடங்கலாம்)

விசாவுக்காகக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலாவது, அப்போஸ்தலர் நடபடிகளை 13-ஆம் அதிகாரத்திலிருந்து ஒரு பயணியின் கண்ணோடு படியுங்கள். யார் அனுப்பினார்கள், யார் வீட்டில் தங்கினார்கள், எந்த இடத்தில் திட்டம் மாறியது, யாரோடு சண்டை வந்தது என்று குறித்துக்கொண்டே போங்கள். பவுலும் பர்னபாவும் பிரிந்த இடத்தை நான் சிறுவயதிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கிசுமுவில் என்னோடு ஊழியத்துக்கு வந்த ஒருவரோடு மூன்றாம் வாரமே பேச்சு நின்றுபோனபோதுதான் அந்தப் பகுதியை உட்கார்ந்து படித்தேன்.

இரண்டாவது, அந்த ஊர் மொழியில் கர்த்தருடைய ஜெபத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் போதும். இதில் எனக்குக் கிடைத்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கிலத்தில் அந்த ஜெபத்தில் கேட்பது ரொட்டி. சுவாஹிலி வேதத்தில் அந்த இடத்தில் ரொட்டி இல்லை, ‘ரிஸிகி’ என்று இருக்கிறது. அரபியிலிருந்து வந்த சொல். பிழைப்புக்கு இறைவன் அளப்பது என்று பொருள். எனக்கு அது புதிய சொல்லே இல்லை. சிவாஜி நகரில் எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த தமிழ் முஸ்லிம் பாட்டி, கடையில் வியாபாரம் நடந்த நாளில் ‘அல்லா தந்த ரிஸ்க்’ என்பார். அப்புறம் நம் தமிழ் வேதத்தைத் திறந்து பார்த்தேன். மத்தேயுவில் நாமும் கேட்பது அப்பத்தை இல்லை: ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை’ என்றுதான் இருக்கிறது. தினமும் சொல்கிற ஜெபம், முப்பது வருடமாக நான் கவனிக்கவில்லை. மூலத்தில் உள்ள ரொட்டியை, ரொட்டி தின்னாத இரண்டு ஊர்க்காரர்கள் தத்தம் வீட்டுச் சாப்பாடாக மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். மதியம் சோள மாவுக் களியான உகாலியைப் பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு ஜெபிக்கும்போது, மொழிபெயர்ப்பு என்பதே ஒரு விசுவாசச் செயல் என்று எனக்குப் பட்டது. அந்த ஒரு சொல்லிலிருந்துதான் எனக்கு வேதத்தை முறையாகப் படிக்கும் ஆசை வந்தது.

மூன்றாவது, ஒரு நோட்டு. கேள்விகளை மட்டும் எழுதுங்கள், பதில் எழுத அவசரப்படாதீர்கள். ஊருக்குத் திரும்பியபின் அதுதான் உங்கள் பாடத்திட்டம். எனக்கு 140 கேள்விகள் சேர்ந்தன.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஊழியம் என்றால் நாம் கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு கிளம்பாதீர்கள். பின்னாளில் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனரிகளை அனுப்புவதைப் பார்த்து வந்தவர், மறு வருடமே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். போன இடத்தில் பார்த்ததைக் கொண்டுவந்து தன் ஊரில் வைத்தார். நீங்களும் அப்படி ஒன்றை எதிர்பார்த்துப் போங்கள்.

9. பெட்டியும் விமான நிலையமும்

கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் கேரிபேக் தடை. அம்மா முறுக்கையும் பருப்புப்பொடியையும் கேரிபேக்கில் சுற்றி வைப்பார்கள். துணிப்பையிலோ டப்பாவிலோ மாற்றிவிடுங்கள். நைரோபி பெங்களூரைவிட உயரமான ஊர், ஜூலையில் ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. கிசுமுவில் வெயில்.

பெங்களூரில் சர்வதேச விமானங்கள் இரண்டாம் டெர்மினலிலிருந்து கிளம்புகின்றன. குடிவரவு அதிகாரி ‘எதற்குப் போகிறீர்கள்’ என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதம், அழைப்புக் கடிதம், சபைக் கடிதம், திரும்பும் டிக்கெட், காப்பீடு, மஞ்சள் காய்ச்சல் அட்டை இவற்றைக் காகிதத்தில் கையில் வைத்திருங்கள். போன் சார்ஜை நம்ப வேண்டாம். ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் ஆயரிடம்.

10. அங்கே முதல் மாதம்

பாஸ்போர்ட்டைக் காட்டி சிம் வாங்கி, போன் வழியாகப் பணம் கொடுக்கும் எம்-பெசா கணக்குத் திறந்துவிடுங்கள்; காய்கறிக் கடையில்கூட அதில்தான் பணம் வாங்குகிறார்கள். நைரோபியில் உள்ள இந்தியத் தூதரகத்தில் உங்கள் பெயரைப் பதியுங்கள்.

பிள்ளைகளின் போட்டோவைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள், சபை வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். நம் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளை யாரோ ஒருவர் வந்து கிழிந்த சட்டையோடு படம் எடுத்துக் காணிக்கை கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்? யாருக்கும் படிப்புச் செலவு, விசா, வேலை என்று தனியாக வாக்குக் கொடுக்காதீர்கள். மனம் இளகும், கேட்பவர்கள் உண்மையாகவே கஷ்டத்தில் இருப்பார்கள். எதுவானாலும் அங்குள்ள சபை மூலம் செய்யுங்கள்.

முதல் மாதம் பிரசங்கம் செய்யச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். உட்கார்ந்து கேளுங்கள்.

11. திரும்பியபின்

ஒரு மாதத்துக்கு முன்னதாகவே, திரும்பும் வாரத்துக்கு அடுத்த வாரம் எந்தச் சாட்சிக் கூட்டமும் வேண்டாம் என்று ஆயரிடம் சொல்லிவிடுங்கள். உடம்பும் மனமும் ஊர் வந்துசேர நாளாகும். அப்புறம் அந்தியோகியாவுக்குத் திரும்பிய பவுலும் பர்னபாவும் செய்ததுபோல சபையைக் கூட்டிச் சொல்லுங்கள். கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்: யார் எவ்வளவு கொடுத்தார்கள், எதற்குச் செலவானது, மிச்சம் எவ்வளவு.

நோட்டில் உள்ள கேள்விகளை எடுத்துக்கொண்டு படிக்க உட்காருங்கள். வேலையை விட முடியாதவர்களுக்கு, இறையியல் பட்டங்கள் தரும் செராம்பூர் செனட்டின் வெளிநிலைக் கிறிஸ்தவப் படிப்புகள் இருக்கின்றன. மில்லர்ஸ் ரோட்டில் யுனைட்டட் தியாலஜிக்கல் காலேஜ் நமக்கு எட்டும் தூரம்தான்; நூலகத்தைப் பயன்படுத்த முடியுமா என்று சபைக் கடிதத்தோடு எழுதிக் கேளுங்கள். நான் இப்போது வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன். 140 கேள்வியில் பதினேழுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைத்திருக்கிறது.

மஞ்சள் காய்ச்சல் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுக்கச் செல்லும். பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துவிடுங்கள், அடுத்த முறைக்கும் அதுவே போதும்.